கிராமப் பள்ளிகளில் வாசிப்பு வகுப்பு: போகிற வழியில் வரும் சிக்கல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் ஒருநாள் கிராமப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிக்கும் தன்னார்வக் குழு ஒன்றை எட்டு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் என்ன வாசிப்பது, எப்படி வாசிப்பது என்று கேட்பதைவிட, எப்படிப் போய்ச் சேர்வது என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. எங்கள் வகுப்புகள் தடைப்பட்டபோதெல்லாம், பெரும்பாலும் வழியில்தான் தடைப்பட்டன. பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கிளம்பும் முன் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?

முந்தின நாள் மாலை பள்ளிக்கு ஒரு போன். காலையில் கிளம்பும்போது இன்னொரு போன்.

முதல் வருடத்தில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறோம். ஆசிரியர்களுக்கு அன்று திடீரென்று பயிற்சிக் கூட்டம் வைத்துவிட்டார்கள். எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும்.

கேட்கிற விதமும் முக்கியம். "நாளைக்குப் பள்ளி உண்டா?" என்றால் "உண்டு, வாங்க" என்றுதான் பதில் வரும். பள்ளி இருக்கும், ஆனால் தேர்வு நடந்துகொண்டிருக்கும். அல்லது மருத்துவ முகாமுக்காகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். "நாளைக்குப் பதினொரு மணிக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எந்த அறையில் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, கேட்கிறவர் நாளைய நாளை ஒருதரம் மனதில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். விளையாட்டு விழா இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வரும்.

போனில் வரைபடம் காட்டிய வழியில் போய் மாட்டிக்கொண்டோம். என்ன செய்திருக்க வேண்டும்?

ஒரு பாதை இருக்கிறது என்பதை வரைபடம் சொல்லும். அந்தப் பாதை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. குறுக்கு வழி என்று அது காட்டுவது வயல் வரப்பாக இருக்கலாம், பாதி போட்டு நின்றுபோன சாலையாகவும் இருக்கலாம். முதல்முறை போகும்போது, தூரம் கூடினாலும் பஸ் போகிற சாலையிலேயே போங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் வழி தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வருவது, அதற்கு மொபைல் சிக்னல் தேவையில்லை. சிக்னல் தேவைப்படுவது வரைபடத்தை இறக்குவதற்குத்தான். அதனால் போகிற பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் போன பிறகும் நீங்கள் நிற்கிற புள்ளி அதில் தெரியும். சார்ஜ் தீர்ந்துபோனால் இதுவும் உதவாது. ஒவ்வொரு பள்ளிக்கும் கையால் வரைந்த ஒரு வழித்தாள் வைத்திருக்கிறோம். எந்தத் திருப்பத்தில் என்ன மரம், எந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி என்று குறித்த தாள். எல்லாரும் எப்போதும் எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

அப்புறம், வழியில் யாரையாவது கேட்டால், "இது போகுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். நடந்து போகிறவருக்கு எல்லா வழியும் போகும். "இரண்டு மூன்று நாளில் இந்தப் பக்கம் கார் ஏதாவது வந்ததா?" என்று கேளுங்கள்.

நடுவழியில் பஞ்சர் ஆனால்?

பைக்கில் பின்டயர்தான் அதிகம் போகும், ஏனென்றால் புத்தகச் சுமை முழுக்க அங்கே இறங்குகிறது. இரண்டு பேரும் ஒரு மூட்டைப் புத்தகமும் என்றால், அந்தப் பாரத்துக்குத் தக்கபடி டயரில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். டியூப் இல்லாத டயர் என்றால் அடைக்கும் பட்டையும் சின்னப் பம்ப்பும் பையில் இருக்கட்டும். டியூப் உள்ளது என்றால் ஒரு டியூப் கூடுதலாக. பெட்ரோலைப் பெரிய சாலையை விட்டு இறங்கும் முன் போட்டுவிடுங்கள்.

இரண்டு வண்டியாகப் போயிருந்தால் ஒன்று முன்னால் போகட்டும், பள்ளியில் வகுப்பு தொடங்கிவிடும். ஆனால் பழுதான வண்டியோடு ஒருவரைத் தனியாக விட்டுவிட்டுப் போவதில்லை என்பதை எங்கள் குழுவில் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம்.

தாமதமாகிறது. பள்ளிக்கு என்ன சொல்வது?

உண்மையை, உடனே, நேரத்தோடு சொல்லுங்கள். "வந்துகொண்டே இருக்கிறோம்" என்பது பதிலே இல்லை. "இப்போது இன்ன இடத்தில் நிற்கிறோம், பன்னிரண்டு மணிக்குள் வர முடியாது" என்றால், ஆசிரியர் கணக்குப் பாடத்தை முன்னுக்குத் தள்ளி வாசிப்பை மதியத்துக்கு வைத்துக்கொள்வார். வந்துகொண்டே இருக்கிறோம் என்று சொன்னால், பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துவிட்டு அவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நமக்குத் தாமதம் என்பது சாலையில் நிற்கிற ஒன்றரை மணி நேரம். பிள்ளைக்கு அப்படியில்லை. இன்று அக்கா வருவார்கள், போனவாரம் பாதியில் விட்ட கதையை முடிப்பார்கள் என்று காலையிலிருந்து காத்திருக்கும். வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று யாரும் அதற்கு விளக்கமாகச் சொல்வதில்லை. அடுத்த வாரம் நாம் போகும்போது அந்தப் பிள்ளை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும். இரண்டு முறை இப்படி ஆனால், மூன்றாவது வாரம் கதையின் நடுவில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்காது. அந்தக் கேள்வியைத் திரும்ப வரவைக்க எங்களுக்கு மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது.

ஒருமுறை இரண்டரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் கலைந்திருப்பார்கள் என்று நினைத்தேன். உள்ளே சத்தமே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, போனவாரம் நாங்கள் மறந்து விட்டுப்போன ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். நான் செய்வது போலவே புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் படத்தைக் காட்டினாள். அது அன்றைக்கு நாலாவது தடவை என்று ஆசிரியர் சொன்னார். எங்கள் வேலையை நாங்கள் புரிந்துகொண்ட விதம் அன்று மாறியது. வாசிப்பு நேரம் எங்கள் வண்டியை நம்பி இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். அதை எப்படிச் செய்தோம் என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

புத்தகங்கள் மழையில் நனைந்துவிட்டன. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலானவற்றை முடியும். ஆனால் அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும்.

முதலில் புத்தகங்களை இரண்டாகப் பிரியுங்கள். சாதாரணத் தாளில் அச்சடித்தவை ஒரு பக்கம். வழவழப்பான தாளில் அச்சடித்த படக்கதைப் புத்தகங்கள் இன்னொரு பக்கம். வழவழப்பான தாளின் மேல் மெல்லிய களிமண் பூச்சு இருக்கிறது. நனைந்ததும் அது பசை போல ஆகி, காயும்போது பக்கத்தோடு பக்கத்தை ஒட்டிவிடும். அப்படி ஒட்டிக் காய்ந்துபோனால் புத்தகம் ஒரு பலகை மாதிரி ஆகிவிடும், பிரித்தால் படம் கிழிந்து எதிர்ப்பக்கத்தோடு வரும். அதனால் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாக மெதுவாகப் பிரித்து, இடையிடையே உறிஞ்சும் தாள் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடித்தவை இந்தப் புத்தகங்கள்தான் என்பதால் முதல் கவனிப்பு இவற்றுக்கு.

சாதாரணத் தாள் புத்தகம் அவ்வளவு அவசரம் இல்லை. பக்கங்களை விசிறி போல விரித்து நிமிர்த்தி நிற்க வையுங்கள். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு உறிஞ்சும் தாள், ஈரமானதும் மாற்றுங்கள். மின்விசிறிக் காற்று போதும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் தாள் நெளிந்து நிறம் வெளுக்கும். முக்கால்வாசிக்கு மேல் காய்ந்த பிறகு மூடி, மேலே கனம் வைத்தால் அட்டை நேராகும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய முடியாத அளவுக்கு இருந்தால் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பெரிய நூலகங்களும் வெள்ளத்தில் நனைந்த நூல்களுக்கு இதைத்தான் செய்கின்றன. உறைந்த புத்தகத்தில் பூஞ்சை வளராது, பக்கமும் ஒட்டாது. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அடுக்கி, பிறகு நேரம் கிடைக்கும்போது நாலைந்தாக எடுத்துக் காய வைக்கலாம். இது தெரியாமல் ஒரு இரவு முழுக்க மூன்று பேர் உட்கார்ந்து பக்கம் பிரித்திருக்கிறோம். இருபத்தாறு புத்தகங்களில் பத்தொன்பது பிழைத்தன.

சாக்கடை கலந்த வெள்ளத்தில் விழுந்தவற்றையும், பூஞ்சை பரவியவற்றையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு அது கெடுதல். மனசு கஷ்டமாக இருந்தாலும் போட்டுவிடுங்கள்.

நனையாமல் எப்படிக் கட்டுவது? எவ்வளவு சுமக்கலாம்?

பைக்கு மேல் மாட்டும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் அது திறந்தே இருக்கும், தண்ணீர் அந்த வழியாக இறங்கும். பத்துப் பத்துப் புத்தகமாகத் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முறுக்கிக் கட்டி, அதற்கப்புறம் பெரிய பைக்குள் வையுங்கள். ஒரு கட்டில் தண்ணீர் போனாலும் மற்றவை தப்பிக்கும்.

எடையைக் கணக்குப் போட ஒரு வழி சொல்கிறேன். நாம் பிரிண்ட் எடுக்கும் சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். அந்த அளவில் 32 பக்கப் புத்தகம் என்றால் 16 தாள், 80 கிராம். படக்கதைப் புத்தகத்தின் தாள் இதைவிடத் தடிமன், அட்டை வேறு இருக்கிறது. ஆக ஐம்பது புத்தகம் என்பது ஆறு, ஏழு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் முதுகில் அதற்கு மேல் வேண்டாம். ஹேண்டில்பாரில் எதையும் தொங்கவிடவே கூடாது. மண் சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எங்கள் குழுவில் நடந்த ஒரே எலும்பு முறிவு அப்படி ஒரு பையால்தான்.

ஓடையில் தண்ணீர் போகிறது, ஆழம் குறைவாகத்தான் தெரிகிறது. கடக்கலாமா?

வேண்டாம். திரும்பிவிடுங்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளைக் கீழே தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் சின்னக் காரை நகர்த்திக்கொண்டு போகும். 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகள் மிதந்துவிடும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை, அது ஓடிவந்து மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கலங்கிய தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பதும் மேலிருந்து தெரியாது.

ஊர்க்காரர் ஒருவர் முன்னால் நடந்து காட்டினாலும் வேண்டாம். அவருக்கு அந்த இடத்தின் ஒவ்வொரு கல்லும் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று மேலே எழுதினேன். அதை நினைத்து யாராவது தண்ணீரில் இறங்கினால், அப்படி எழுதியதற்காக நான் வருந்துவேன். ஒரு வகுப்பு போனால் அடுத்த வாரம் நடத்திக்கொள்ளலாம்.

இடி மின்னல் தொடங்கிவிட்டால்?

இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் மூன்று வினாடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். எண்ணிக்கொண்டு நிற்காமல் பைக்கை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் வெளியே வர வேண்டும். தனி மரத்தடி ஆகவே ஆகாது. நாம் பல பள்ளிகளில் மரத்தடியில்தான் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறோம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் இடி கேட்டதும், கதை எந்த இடத்தில் இருந்தாலும், பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.

வண்டியில் போகும்போது எனக்கு வாந்தி வருகிறது. நான் இந்த வேலைக்கு ஒத்துவர மாட்டேனா?

தாராளமாக ஒத்துவருவீர்கள். உள்காது உடல் அசைவதாகச் சொல்கிறது, புத்தகத்தைப் பார்க்கும் கண் அசையவில்லை என்கிறது. இந்தப் பொருத்தமின்மையால்தான் குமட்டுகிறது. புதியவர்கள் பலர் போகிற வழியில் அன்றைய கதையை வாசித்துப் பழகுகிறார்கள், அதுதான் காரணம். கதையை முந்தின நாளே வாசித்துவிடுங்கள். முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் தெரிவதைப் பாருங்கள். மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு, கிளம்பும் முன்பே போட வேண்டும். அந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவைக்கும், அதனால் போட்டவர் வண்டி ஓட்டக் கூடாது.

நாய் கடித்தால், பாம்பு கடித்தால்?

இரண்டுமே எங்கள் பாதைகளில் நடந்திருக்கிறது. நாய் கடித்தால், கீறல்தான் என்றாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. வகுப்பை முடித்துவிட்டுப் போகலாம் என்ற பேச்சே கூடாது.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், பாம்பைத் தேடிக்கொண்டும் போகாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்தக் கையையோ காலையோ ஒரு குச்சி வைத்து அசையாமல் பண்ணுங்கள். மோதிரம், வாட்ச், கொலுசு எல்லாவற்றையும் வீக்கம் வரும் முன் கழற்றுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு போக வேண்டும். பக்கத்து மருத்துவமனையில் அது இருக்கிறதா என்று அந்த நேரத்தில் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு பள்ளிக்கும், அந்த மருந்து உள்ள மருத்துவமனை எது, எவ்வளவு தூரம் என்று முதல் வருகையிலேயே விசாரித்து, வழித்தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

புத்தகப் பையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். இப்போது வகுப்பில் என்ன செய்வது?

முதலில், பைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. தன்னார்வலரிடம் தொலைந்த புத்தகத்துக்குக் காசு வாங்கினால், அடுத்த முறை அவர் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுக்கவே பயப்படுவார்.

வகுப்பை நிறுத்த வேண்டாம். கரும்பலகையும் சாக்பீஸும் இருந்தால் புத்தகம் செய்துவிடலாம். "நேற்று சாயங்காலம் என்ன நடந்தது?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஒருவர் சொல்லும் வாக்கியத்தை, அவர் சொன்ன அதே சொற்களில் பலகையில் எழுதுங்கள். "எங்க வீட்டு ஆடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சு" என்றால் அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஏழெட்டு வாக்கியம் சேர்ந்ததும் எல்லாரும் சேர்ந்து வாசியுங்கள். எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளைகூட, தான் சொன்ன வாக்கியம் என்பதால் விரல் வைத்து வாசித்துவிடும். வாசிப்பு கற்பிப்பதில் பல நாடுகளில் நீண்ட காலமாகக் கையாளப்படும் முறை இது. பையைத் தொலைத்த அன்று கட்டாயத்துக்காகச் செய்தோம். அது அவ்வளவு நன்றாகப் போனதால், இப்போது மாதத்தில் ஒரு வகுப்பை வேண்டுமென்றே அப்படி நடத்துகிறோம். பலகையில் எழுதியதை ஒருவர் தாளில் எழுதி, பிள்ளைகள் படம் வரைந்து தைத்து வைக்கிறார்கள்.

கடைசி பஸ் போய்விட்டால்?

கடைசி பஸ்ஸுக்குத் திட்டம் போடாதீர்கள். அதற்கு முந்தின பஸ்தான் உங்களுக்குக் கடைசி பஸ். கடைசி பஸ் சில நாள் வராமலே போகும்.

அப்படியும் மாட்டிக்கொண்டால் இருட்டில் தெரியாத சாலையில் கிளம்புவதைவிடத் தங்குவது நல்லது. தலைமை ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், உங்கள் வீட்டுக்குத் தெரிய வேண்டும், குழுவில் ஒருவருக்குத் தெரிய வேண்டும். குறைந்தது இரண்டு பேராக இருங்கள். பெண் தன்னார்வலர் யாரையும் தனியாகத் தங்க வைப்பதில்லை, தனியாகத் திரும்ப அனுப்புவதும் இல்லை. இது சம்பந்தப்பட்டவரின் தைரியத்தைப் பற்றிய பேச்சு அல்ல, குழுவின் பொறுப்பு.

வண்டி ஓட்டுகிறவரின் தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் கவனம் அளவுக்கு மங்கிவிடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து கிளம்பியவருக்கு இரவு பத்து மணிக்கு அந்த நிலை வந்துவிடும். நாம் திரும்பி வருகிற நேரமும் பல நாள் அதுவாகத்தான் இருக்கிறது.

வழியில் நடந்து வரும் பிள்ளைகளை நம் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாமா?

கூடாது. வெயிலில் அவர்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போவது கஷ்டம்தான், எனக்கும் அப்படித்தான். ஆனால் பெற்றோருக்குத் தெரியாமல், ஹெல்மெட் இல்லாமல், ஏற்கெனவே சுமை ஏறிய வண்டியில் வேறொருவர் பிள்ளையை ஏற்ற நமக்கு உரிமை இல்லை. இன்று உங்கள் வண்டியில் ஏறிப் பழகிய பிள்ளை நாளை யார் கூப்பிட்டாலும் ஏறும். நின்று பேசுங்கள், தண்ணீர் கொடுங்கள், பள்ளியில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மருத்துவ அவசரம் மட்டுமே விதிவிலக்கு, அப்போதும் கூட ஒரு பெரியவர் வர வேண்டும்.

பழுது, மருத்துவச் செலவெல்லாம் யார் கொடுப்பது?

குழு கொடுக்க வேண்டும். பெட்ரோலும் பஞ்சரும் தன்னார்வலரின் சொந்தச் செலவு என்று விட்டால், வசதி உள்ளவர்கள் மட்டுமே குழுவில் மிஞ்சுவார்கள். சின்னப் பொதுநிதி ஒன்றை முதல் மாதமே தொடங்குங்கள். வண்டிக் காப்பீடு, ஓட்டுநர் உரிமம் இரண்டும் நடப்பில் உள்ளவர் மட்டுமே ஓட்டலாம் என்பதை எழுத்தில் வையுங்கள். ஹெல்மெட் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்துத்தான்.

இவ்வளவு பாடுபட்டு நாமே ஏன் நேரில் போக வேண்டும்?

சோர்ந்துபோன நாட்களில் எனக்கும் இந்தக் கேள்வி வரும். அப்போது நமக்கு முன்னால் இதே வேலையைச் செய்தவர்களை நினைத்துக்கொள்வேன். 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில், ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். தொடங்கிவைத்தவர் நூலகத் துறையின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன். 1935 முதல் 1943 வரை அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில், பெரும்பாலும் பெண்கள், குதிரையிலும் கோவேறு கழுதையிலும் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் புத்தகம் கொண்டுபோனார்கள். சாலை இல்லாத இடங்களில் ஓடைப் படுகைதான் அவர்களுக்குப் பாதை. புத்தகம் போதாதபோது பழைய பத்திரிகைகளை வெட்டி ஒட்டித் தாங்களே புத்தகம் செய்தார்கள்.

கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற ஆசிரியர் ஆல்ஃபா, பெட்டோ என்ற இரண்டு கழுதைகளில் புத்தகம் ஏற்றிப் போனார். இரண்டு பெயரையும் சேர்த்தால் ஸ்பானிய மொழியில் அகரவரிசை என்று பொருள். ஒருமுறை வழிப்பறிக்காரர்கள் அவரை மறித்து, பணம் இல்லை என்று கண்டதும் மரத்தில் கட்டிப்போட்டுவிட்டு, ஒரு நாவலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். விழுந்து காலும் உடைந்தது. அதற்குப் பிறகும் போனார். அவரைப் போல ஆபத்துக்குள் போகச் சொல்லவில்லை. புத்தகம் தானாக அந்த ஊர்களுக்கு வரவில்லை, யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போனதால்தான் வந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

போகவே முடியாத வாரங்களில் என்ன செய்வது?

அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணைப் பார்த்த பிறகு, எல்லாப் புத்தகங்களையும் திருப்பி எடுத்து வருவதை நிறுத்தினோம். இப்போது ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் முப்பது புத்தகம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெட்டிகளைப் பள்ளிக்குப் பள்ளி மாற்றுகிறோம். அதனால் வாரா வாரம் தூக்கிக்கொண்டு போகும் சுமை பத்துப் புத்தகமாகக் குறைந்துவிட்டது. மழைக்காலம் தொடங்கும் முன்பே அந்தப் பருவத்துக்கான பெட்டி போய்விட வேண்டும்.

ஒவ்வொரு பள்ளியிலும் நாலைந்து பெரிய பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் பழக்குகிறோம். நாங்கள் போயிருக்கும் நாளிலும் முதல் பத்து நிமிடம் அவர்களில் ஒருவர்தான் வாசிப்பார். நாங்கள் வராத நாளில் அவர்களே தொடங்குவார்கள், ஆசிரியர் கூட இருப்பார். ஒருவரே எப்போதும் வாசிக்கும்படி விடாதீர்கள். அந்தப் பிள்ளை காய்ச்சலில் படுத்தால் வகுப்பு நின்றுவிடும்.

பெட்டியில் பூட்டு போடுவதா என்று நிறைய விவாதித்தோம். இப்போது எந்தப் பெட்டிக்கும் பூட்டு இல்லை, எலி புகாதபடி கொக்கி மட்டும் இருக்கிறது. ஒரு நோட்டும் பென்சிலும் மூடியின் உள்பக்கம் நூலில் கட்டித் தொங்குகிறது. வீட்டுக்கு எடுத்துப் போகிற பிள்ளை தன் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் அதில் எழுதிவிட்டுப் போகும்.